பிரேக்குக்கு மன உறுதி தெரியாது

“நல்ல வேளை, இடது கைதானே!” மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில், பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஆறுதல் சொன்னார்கள். அன்போடு சொன்னதுதான். சாப்பிட, எழுத, கையெழுத்துப் போட வலது கை இருக்கிறதே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இடது கை சும்மா கூட வருகிற கை இல்லை. வண்டியை நிறுத்துவதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு.

வலது கை ஆக்சிலரேட்டரைத் திருக்குகிறது. முன் பிரேக்கும் அதன் பொறுப்பு. பின் பிரேக், ஹாரன், இண்டிகேட்டர், இரவில் லைட்டை ஏற்றி இறக்கும் சுவிட்ச் எல்லாம் இடது கைக்கு. 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் இணைந்த பிரேக்கோ, ஏபிஎஸ்ஸோ இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அந்த இணைந்த பிரேக்கும் இடது லிவரில்தான் இருக்கிறது. பழைய பஜாஜ் சேட்டக்கில் இடது கைக்குக் கிளட்சும் கியரும் இருந்தன. பின் பிரேக்கை வலது கால் மிதித்தது. கியர் போனபோது அந்த பிரேக் காலை விட்டு இடது கைக்கு ஏறியது. ஓட்டுவதற்கு எளிய வண்டி என்று நாம் வாங்குவது, பிடி வலு இருக்கும் கைக்கு மட்டுமே எளிது.

எலும்பு கூடிவிட்டதாக எக்ஸ்ரே சொல்லும் நாளும், கை பழையபடி இறுக்கிப் பிடிக்கும் நாளும் ஒன்றில்லை. இடையில் மாதங்கள் போகும். சிலருக்குப் பழைய வலு முழுதாகத் திரும்புவதே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலியும் என்பதால், கால் இடறிக் கையை ஊன்றி விழும் நடுவயதுப் பெண்களுக்கு மணிக்கட்டு முறிவது சாதாரணமாக நடப்பது. அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் இன்று ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள்.

மதுரையில் என் வீடு ஐயர் பங்களா பக்கம், வேலை ஒத்தக்கடையில். மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது எனக்கு இரண்டு விதமான யோசனைகள் வந்தன. “மனசைத் தளர விடாதே, ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்றார்கள் ஒரு சாரார். “இனி எதுக்கு வண்டி? டவுன் பஸ்தான் நமக்கு இலவசமாச்சே” என்றார்கள் இன்னொரு சாரார். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. அது பெரிய உதவி; அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மாட்டுத்தாவணி தாண்டி நிறைந்து வழியும் பஸ்ஸில், ஒரு கையில் பையும் இன்னொரு கையில் கம்பியுமாக நிற்கும்போது டிரைவர் சடன் பிரேக் போட்டால், கூடி வந்த மணிக்கட்டுக்கு என்ன ஆகும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த இரண்டு யோசனைகளையும் பல நாள் மனதில் போட்டுப் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. பார்வைக்கு இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒன்று பொறுத்துக்கொள் என்கிறது, மற்றது விட்டுவிடு என்கிறது. ஆனால் மாற வேண்டியது நான்தான் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. வாசலில் நிற்கும் வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் கொஞ்சம் மாற்றலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

மதுரையில் இருந்துகொண்டு இப்படித் தோன்றாமல் போவது ஆச்சரியம்தான். இந்த ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கைகளை அறியாதவர்கள் குறைவு. ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது வந்த முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக முறுக்கிப் போட்டது. 1948-இல் அந்தப் பணியை விட வேண்டியதாயிற்று. பேனா பிடிப்பதே சிரமம் என்ற நிலையிலிருந்து மீண்டு, கண் மருத்துவம் படித்து, அதே விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58 வயதில், 1976-இல், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். 2006-இல் மறைந்தார்.

இந்தக் கதையைப் பள்ளி விழாக்களிலும் மேடைகளிலும் பல முறை கேட்டிருக்கிறேன். மன உறுதி இருந்தால் போதும், எதையும் வெல்லலாம் என்பதோடு கதை முடிந்துவிடும். அவருடைய மன உறுதி பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கதையின் மறுபாதியை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. அவர் தன் விரல்களுக்கு ஏற்றபடி அறுவைக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். நல்ல விரல்களுக்காகச் செய்த கருவியை வலியோடு பிடித்துக்கொண்டு காலம் தள்ளவில்லை. கத்தியின் கீழே இருப்பது இன்னொருவருடைய கண். அங்கே தன் பொறுமையைச் சோதித்துப் பார்க்க அவருக்கு உரிமை இல்லை. கருவியை மாற்றிக்கொண்டது அவர் தனக்குச் செய்துகொண்ட சலுகை என்று நான் நினைக்கவில்லை. நோயாளிக்கு அவர் செலுத்திய மரியாதை அது.

வேலூர் சி.எம்.சி.யிலும் இதே பாடம் உண்டு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் விரிய வைத்தார். அத்தோடு நிற்காமல், உணர்ச்சி இல்லாத அந்தக் கைகளைப் புண்ணாக்காத கருவிப் பிடிகளைப் பற்றியும் கவலைப்பட்டார். கையைச் சரிசெய்வது பாதி வேலை, அந்தக் கை பிடிக்கப் போகும் பொருளைச் சரிசெய்வது மீதி வேலை என்பதை இந்த இரண்டு மருத்துவர்களும் அறிந்திருந்தார்கள்.

சாலைக்கும் இது அப்படியே பொருந்தும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடக்கிறது. வலியால் விரல்கள் அரை நொடி தயங்கினால் 4 மீட்டர். மூன்றுமாவடிச் சந்திப்பில் அந்த 4 மீட்டருக்குள் ஒரு பள்ளிப் பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம். நான் எவ்வளவு தைரியசாலி என்பதோ, எத்தனை வலியைத் தாங்கினேன் என்பதோ பிரேக்குக்குத் தெரியாது. லிவரை எவ்வளவு வலுவோடு, எவ்வளவு சீக்கிரம் இழுத்தேன் என்பதுதான் அதற்குக் கணக்கு. வீட்டு வேலையில் வலியைப் பொறுத்துக்கொண்டால் நஷ்டம் எனக்கு. சாலையில் பொறுத்துக்கொண்டால் அதன் விலையை வேறு யாரோ கொடுக்க நேரும்.

புதூரில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப். வண்டியை அங்கே கொண்டுபோனேன். மெக்கானிக் தம்பி அதைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்த்தார். “எக்கா, நின்னபடிக்கே இந்த லிவரை அமுக்குங்க. எந்த இடத்துல வலிக்குதுன்னு சொல்லுங்க” என்றார். விரல் முழுதாக விரிந்திருக்கும் தொடக்கத்திலேயே வலித்தது. “உங்களுக்கு பிரேக்கு ரொம்ப டைட்டா வச்சிருக்கு. விரல் மடங்குறதுக்கு முன்னாடியே புடிச்சிருது. விரிஞ்ச கையில ஏதுக்கா பலம்?”

அவர் சொன்னது சரி. கை பாதி மடங்கிய நிலையில்தான் பிடி வலு அதிகம். லிவரைத் தொட்டதும் பிடிப்பதுதான் நல்ல பிரேக் என்று நாம் நினைக்கிறோம். நலமான பெரிய கைக்கு அது பொருந்தலாம். என் கைக்கு, லிவர் கொஞ்சம் உள்ளே வந்த பிறகு பிடிப்பதே பொருத்தம். பின் சக்கரத்துப் பக்கம் இருக்கும் நட்டைத் தளர்த்தி அப்படி வைத்தார். முழுக்க அழுத்தினாலும் லிவர் கைப்பிடியில் முட்டக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். பிறகு பழைய கேபிளை உருவிக் காட்டினார். உள்ளே துரு. “உங்க பலத்துல பாதியை இந்த ஒயரே தின்னுருது” என்று புதுக் கேபிளுக்கு எண்ணெய் விட்டு மாட்டினார். தேய்ந்த பிரேக் ஷூவையும் மாற்றினார். லிவரின் உள்பக்கம் பிடிக்காமல் நுனிப்பக்கம் பிடிக்கச் சொன்னார். நுனியில் குறைந்த வலு போதும் என்பது நெம்புகோல் கணக்கு.

கைப்பிடிக்குத் தடித்த நுரை உறை போட்டால் மெத்தென்று இருக்கும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். அதிர்வு குறையும்தான். ஆனால் பிடி பருத்தால் சிறிய கைக்கு லிவர் இன்னும் எட்டாமல் போகும். விரலை முழுதாக மடக்க முடியாத மூட்டுவாதக்காரர்களுக்குத் தடித்த பிடி நல்லது. எனக்குச் சைக்கிள் டியூபை ஒரு சுற்றுச் சுற்றியதே சரியாக இருந்தது. கட்டைவிரலின் அடியில் வலி இருந்ததால் ஹாரனுக்கு வலது பக்கம் தனியாக ஒரு பட்டன் வைத்தார். சென்டர் ஸ்டாண்ட் போடும்போது, “கையால தூக்காதீங்க, உடம்பு வெயிட்டைக் காலுக்குக் கொடுத்து மிதிங்க” என்று செய்து காட்டினார். இவை எல்லாம் பராமரிப்பு வேலைகள், பெரிய செலவில்லை. கையை அளவெடுத்த பிறகு வண்டியைத் தொட்டார் என்பதுதான் இதில் முக்கியம்.

எனக்கு மேலூர்ப் பக்கத்து எங்கள் ஊர்க் கொல்லர் பட்டறை நினைவு வந்தது. மண்வெட்டிக்குக் கணை போடும்போது, வெட்டப் போகிறவர் உயரம் என்ன, நீர்ப்பாய்ச்சலுக்கா வரப்பு வெட்டவா, எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டுத்தான் நீளமும் சாய்வும் வைப்பார்கள். தோள் பிடித்துக்கொண்ட கிழவருக்கு வேறு கணை. அவரிடம் யாரும் மனதைத் திடப்படுத்திக்கொள் என்று சொன்னதில்லை. தொழிற்சாலையில் ஒரே அளவில் வந்து இறங்கும் பொருட்களோடு வாழத் தொடங்கிய பிறகு, பொருள் பொருந்தாவிட்டால் நம் உடம்பைக் குறை சொல்லப் பழகிவிட்டோம். லிவர் எட்டாத பெண் தன் கை சிறியது என்கிறாள். விரல் மடங்காத பெரியவர் தனக்கு வயதாகிவிட்டது என்கிறார். லிவர் தூரமாக இருக்கிறது என்று சொல்ல இருவருக்குமே கூச்சம்.

இந்தக் கூச்சத்தை நாம் விட்டாக வேண்டும். மாற்றிக் கேட்பதற்குச் சட்டமும் இடம் வைத்திருக்கிறது. வண்டியின் அடிப்படை அமைப்பில் கை வைக்க மோட்டார் வாகனச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆனால் உடல் குறைபாடு உள்ளவருக்காகச் செய்யும் மாற்றத்துக்கு அதில் வழி உண்டு. 2019 திருத்தம் அப்படி மாற்றிய வண்டிக்குத் தனி வரையறையே தந்திருக்கிறது. பெரிய மாற்றம் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிப்பது நல்லது. புதிதாக வாங்குகிறவர்கள் மின் ஸ்கூட்டர்களையும் பார்க்கலாம். சிலவற்றில் ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைக்கிறது. நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் நகரும் வசதியும் உண்டு. கைக்கு இரண்டுமே ஆறுதல்.

கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழ்நாடு அரசு வழங்குகிறது. அந்த வண்டிகள் எத்தனையோ வாழ்க்கைகளைத் திறந்துவிட்டிருக்கின்றன. அதற்குரிய தகுதிகளில் ஒன்று, இரண்டு கைகளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பது. அந்த வண்டிக்கு அது நியாயமான நிபந்தனைதான். ஆனால் கை பாதிக்கப்பட்டவருக்கு ஏற்ற வண்டி என்று ஒன்றை நாம் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை. கைக்குத் தக்கபடி தூரத்தை மாற்றிக்கொள்ளும் பிரேக் லிவர் விலை உயர்ந்த பைக்குகளில் வெகு காலமாக இருக்கிறது. பெண்களும் முதியவர்களும் அதிகம் ஓட்டும் ஸ்கூட்டருக்குத்தான் அது முதலில் வந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட்டுகளும், “என்ன வண்டி ஓட்டுகிறீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டால் நல்லது. பந்தை அமுக்கத் தெரிந்த கைக்கு லிவரை இழுக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது.

வண்டியை மாற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. யானைமலை அடிவாரத்தில் ஆள் நடமாட்டமில்லாத பாதையில், பிரேக்கைத் திடீரென்று பிடித்துப் பிடித்துப் பார்த்து, கை தயங்கவில்லை என்று உறுதியான பிறகே நெரிசலுக்குள் வண்டியை எடுத்தேன். இன்றும் பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை. மழை இரவில் நான்குவழிச் சாலையில் ஓட்டுவதில்லை. அப்போது பஸ்தான், ஆட்டோதான். எதைப் பொருளிடம் கேட்டு வாங்கலாம், எதை நாமே விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற எல்லை ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். ஆனால் அந்த எல்லையைக் கண்டறிவதற்கு முன், கருவியை ஒரு தடவையாவது நம் பக்கம் வளைத்துப் பார்த்திருக்க வேண்டும். முயன்று பார்க்காமலே விட்டுவிடுவதும், மாற்றாமலே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதும் நமக்கு வேண்டாம்.

கை முறிந்து தேறியவரோ, விரல் மூட்டு வலி உள்ளவரோ உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறார் என்றால், இன்று மாலையே நின்ற வண்டியில் அவரை உட்கார வைத்து இரண்டு பிரேக்கையும் அழுத்தச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலோ, விரல் எட்டாவிட்டாலோ நாளைக் காலை முதல் வேலையாக மெக்கானிக்கிடம் அழைத்துப் போங்கள். கையைக் காட்டி, இந்தக் கைக்கு ஏற்ற மாதிரி வைத்துக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அது சரியாகும் வரை அந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.