யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்?

அரசியல்வாதியைக் கிண்டல் செய்யும் சினிமா காமெடி ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றென்ன, நாலைந்து ஞாபகம் வந்திருக்கும். உதட்டோரம் லேசாகச் சிரிப்பும் எட்டிப் பார்த்திருக்கும். நல்லது. இப்போது ஒரு கேள்வி. அந்தக் காமெடியில் நீங்கள் சிரித்தது யாரைப் பார்த்து?

'இதென்ன கேள்வி, அந்த அரசியல்வாதியைப் பார்த்துத்தான்' என்பீர்கள். அவசரப்படாதீர்கள். கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

1992-ல் 'சூரியன்' படம் வந்தது. அதில் கவுண்டமணி சொன்ன 'அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா' தமிழ்நாட்டில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. அரசியல்வாதியின் வெட்கமில்லாத்தனத்தைக் குத்திக் காட்ட வந்த வசனம் அது. இன்றைக்கு அது எங்கே வந்து நிற்கிறது? அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள்.

"என்னண்ணே, போன மாசம்தான ரோடு போட்டாங்க? அதுக்குள்ள தோண்டிட்டாங்க?"

"தோண்ட ஒரு கான்ட்ராக்ட், மூட ஒரு கான்ட்ராக்ட், மறுபடி ரோடு போட இன்னொரு கான்ட்ராக்ட். அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா!"

எல்லோரும் சிரிப்பார்கள். கிளாஸை வைத்துவிட்டு அவரவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பள்ளம் மட்டும் அங்கேயே இருக்கும்.

கவனித்தீர்களா? திருடனைக் குத்தச் செய்த ஊசி, திருட்டுக் கொடுத்தவன் தடவிக்கொள்ளும் தைலமாகிவிட்டது. வலி போய்விட்டது. வியாதி போகவில்லை. வள்ளுவர் துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னார். தப்பைப் பார்த்தும் சிரித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். கி.மு. 424. ஏதென்ஸ் நகரம். கிளியோன் என்ற தலைவருக்கு அங்கே ஏகப்பட்ட செல்வாக்கு. அவரைக் கிழிகிழியென்று கிழித்து அரிஸ்டோஃபனிஸ் ஒரு நாடகம் போட்டார். பெயர் 'குதிரை வீரர்கள்'. கதையில் மக்களின் உருவமாக ஒரு கிழவர் வருகிறார். அவரை ஏமாற்றிப் பிழைக்கும் வேலைக்காரன்தான் கிளியோன். அவனை வீழ்த்த, அவனைவிட மட்டமான ஓர் ஆளைத் தேடிப் பிடிக்கிறார்கள். தெருவில் கறி வியாபாரம் செய்கிறவன். படிப்பு கிடையாது, சத்தமான குரல், கூச்சமே இல்லை. அரசியலுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும் என்கிறார்கள்! பிறகு இரண்டு பேரும் கிழவரை மயக்கப் போட்டி போட்டுக்கொண்டு இலவசங்களை அள்ளிக் கொடுக்கிறார்கள். காலுக்குச் செருப்பு, உடம்புக்குத் துணி, உட்கார மெத்தை, வாய்க்கு விருந்து.

எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா?

ஏதென்ஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போட்டியில் அந்த நாடகத்துக்கே முதல் பரிசு. கொஞ்ச நாள் கழித்துத் தளபதிகளுக்கான தேர்தல் வந்தது. யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? கிளியோனை!

நம் கதையும் அதேதான். சோ 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை 1968-ல் மேடை ஏற்றினார். 1971-ல் அது படமாக வந்தது. கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லும் துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகிறார். பாரசீகம் ஆட்சிமொழியாகிறது. கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. மாநிலம், மத்தி என்று பாராமல் அன்றைய ஆட்சியாளர்களைப் போட்டுத் தாக்கிய படம். ஜனங்கள் ரசித்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஆளும் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. மத்தியில் இந்திரா காந்தி அமோகமாக ஜெயித்தார். அது சரியான தீர்ப்பா, தவறான தீர்ப்பா என்பது வேறு விஷயம். சிரிப்பு ஒரு பக்கம் போனது, ஓட்டு ஒரு பக்கம் போனது. விஷயம் அதுதான்.

அந்தப் படத்தின் முடிவு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? துக்ளக்கும் அவருடைய கூட்டாளி பதூதாவும் உண்மையில் சாதாரண ஆட்கள். மக்களுக்குப் பாடம் புகட்டத்தான் இந்த வேஷம். கடைசியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்கிறார் பதூதா. நாற்காலி ருசி கண்டவர் மறுக்கிறார். பதூதாவைத் துரோகி என்று கூட்டத்துக்குக் காட்டிக் கொடுக்கிறார். கூட்டம் பாய்கிறது. துணைப் பிரதமர் ஜோக் நமக்கு ஞாபகம் இருக்கிறது. உண்மை சொல்ல வந்தவனை அடித்த கூட்டம் ஞாபகம் இல்லை. ஏனென்றால் அந்தக் கூட்டம் நாம்தான்.

'அமைதிப்படை'க்கு வருவோம். 1994. மணிவண்ணன் இயக்கம். கோயிலில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசையைத் தேர்தலில் நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டு எண்ணிக்கை நடக்கிறது. சத்யராஜ் நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். முன்னிலை ஏற ஏற முதுகு நிமிர்கிறது, கால் மேல் கால் ஏறுகிறது. மணிவண்ணனிடம் பேசும் பேச்சில் மரியாதை ஒவ்வொரு படியாக இறங்குகிறது. ஒரு மனிதன் அதிகாரத்தால் கெட்டுப்போவதை இத்தனை சுருக்கமாகக் காட்டிய காட்சி தமிழில் குறைவு. ஏதென்ஸ் கறி வியாபாரிக்கு அமாவாசை தூரத்துச் சொந்தம்!

ஆனால் நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். அமாவாசையின் நக்கல் நமக்குப் பிடித்துப்போனது. 'ஆள் கில்லாடிடா' என்று மெச்சிக்கொண்டோம். நையாண்டிக்கு இப்படியும் ஓர் ஆபத்து உண்டு. அயோக்கியனைச் சுவாரஸ்யமானவனாகக் காட்டினால், சுவாரஸ்யம் நிற்கும், அயோக்கியத்தனம் மறந்துபோகும்.

அப்படியானால் இந்தக் காமெடியெல்லாம் வேஸ்ட்டா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஹிட்லர் உச்சத்தில் இருந்த 1940-ல் சார்லி சாப்ளின் 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்தார். வதைமுகாம்களின் கொடூரம் முழுசாகத் தெரிந்திருந்தால் அதை எடுத்திருக்க முடியாது என்று பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். ஆனாலும் உலகமே நடுங்கிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அந்தப் படம் காட்டியது. சிரிப்பு பயத்தைப் போக்கும். அது பெரிய காரியம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பயம் போன இடத்தில் வெட்கம் வர வேண்டும். அதைத் தியேட்டர்காரர் டிக்கெட்டோடு சேர்த்துத் தர முடியாது. அம்பத்தூர் ராக்கி தியேட்டருக்குப் போனாலும் சரி, மால் தியேட்டருக்குப் போனாலும் சரி, நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

பக்கத்திலேயே இருக்கிறது ஆவடி. 1955 ஜனவரியில் அங்கேதான் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று நேரு முன்னிலையில் தீர்மானம் போட்டார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஏறிய ஊர் அது. 2008 தொகுதிச் சீரமைப்பில் அம்பத்தூர், ஆவடி என்ற பெயர்களிலேயே சட்டமன்றத் தொகுதிகள் உருவாகி, 2011-ல் முதல் தேர்தலைச் சந்தித்தன. ஆனால் தேர்தல் என்றதும் தமிழ்நாட்டில் முதலில் வரும் பேச்சு கொள்கையா, கவரா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். பணப் பட்டுவாடா காரணமாக 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நின்றன. 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர். இதையெல்லாம் காமெடி டிராக்காக எந்த வசனகர்த்தாவும் எழுதவில்லை. நிஜமாகவே நடந்தது.

கவர் வாங்குகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் கச்சிதமாக இருக்கும். "அவன் என்ன கைக்காசா குடுக்குறான்? நம்மகிட்ட அடிச்சதுல கொஞ்சம் திருப்பிக் குடுக்குறான். வாங்கிக்கிட்டு ஓட்டை நம்ம இஷ்டத்துக்குப் போட்டுட்டுப் போறோம். இதுல என்னங்க தப்பு?"

லேசாகத் தள்ளிவிடக் கூடிய வாதம் இல்லை இது. அரிஸ்டோஃபனிஸின் கிழவரே இதைத்தான் சொல்கிறார். தான் ஏமாளி மாதிரி நடிப்பதாகவும், திருடனைக் கொழுக்க விட்டுப் பிறகு பிடுங்கிக்கொள்வதாகவும் பெருமைப்படுகிறார். 2,400 வருஷமாக இந்தக் கிழவர் கெட்டிக்காரர் என்றே தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்!

தப்பு எங்கே இருக்கிறது? கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளி என்கிறது சட்டம். ஓராண்டு வரை சிறை உண்டு. அது கிடக்கட்டும். காசு வாங்கிய நாளோடு கேள்வி கேட்கும் வாய் அடைத்துப்போகிறது. தண்ணி வரவில்லை, சாக்கடை அள்ளவில்லை என்று போய் நின்றால், "வாங்கினீங்கல்ல?" என்ற ஒரே வார்த்தை போதும். நாம் விற்றது ஓட்டை அல்ல. அடுத்த ஐந்து வருஷத்துக்குக் கேள்வி கேட்கும் உரிமையை.

இதைப் படித்துவிட்டு, 'இந்த ஜனங்க திருந்தவே மாட்டாங்க' என்று சோபாவில் சாய்ந்தபடி சிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூந்தமல்லி பக்கம் புது அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்கள். தேர்தல் நாள் உங்களுக்கு ஒரு லீவு நாள். ஓட்டுப் போடப் போகவில்லை. கவர் வாங்கியவர் ஓட்டை விற்றார் என்றால், நீங்கள் அதைக் குப்பையில் போட்டீர்கள். இதில் யார் உசத்தி?

2021-ல் 'மண்டேலா' என்று ஒரு படம் வந்தது. மடோன் அஸ்வின் எழுதி இயக்கியது. சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு டி.வி.யில் போட்டார்கள். ஊரே மதிக்காத ஒரு முடிதிருத்துபவர், யோகி பாபு. ஊராட்சித் தேர்தலில் அவருடைய ஒரே ஓட்டுதான் முடிவு செய்யப்போகிறது. இரண்டு தரப்பும் பரிசுகளோடு ஓடி வருகின்றன. அவரும் முதலில் வாங்கி அனுபவிக்கிறார். பிறகு ஓரிடத்தில் திரும்புகிறார். தனக்குக் கேட்பதை விட்டுவிட்டு, ஊருக்குக் கேட்கிறார். ரோடு, கழிப்பறை, பள்ளிக்கூடம். விலை பேசுவதற்கும் கோரிக்கை வைப்பதற்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. 'எனக்கு என்ன தருவே' என்பது விலை. 'எங்க தெருவுக்கு என்ன செய்வே' என்பது கோரிக்கை. கேட்கும் வாய் ஒன்றுதான். கேள்விதான் வேறு.

அடுத்த முறை அரசியல் காமெடி பார்க்கும்போது தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு நிமிஷம் நிதானியுங்கள். 'அந்த ஆளு இப்படித்தாம்ப்பா' என்று ஒரு தலைவரின் முகம் மட்டும் மனசில் வந்தால், பொழுது போயிற்று, அவ்வளவுதான். 'இது நான்தானே' என்று எங்கேயாவது சுருக்கென்று தைத்தால், டிக்கெட் காசு வீண் போகவில்லை.

தைத்த பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று தெரிந்துகொண்டு, தெருவில் இருக்கும் அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவரும் சிரித்தபடி, "அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா" என்று சொன்னால், அந்த ஒரு தடவை மட்டும் தயவுசெய்து சிரிக்காதீர்கள்.