ஒப்பாரியும் வீரமும்

(ஸ்ரீவைகுண்டம், தாமிரபரணிப் படித்துறை)

சீடன்: ஐயா, களத்தில் மாட்டிக்கொண்டவனை மீட்பதுதான் பெரிய வீரம் என்கிறீர்கள். பகைவனை வெட்டி வீழ்த்துவதைவிடவா?

குரு: ஆம், ஒன்று சொல்கிறேன், கேள். இந்த ஊர்க் கோயிலையே கோட்டையாக்கிச் சண்டை போட்ட ஆண்டு 1801. அந்த ஆண்டு மே 24இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஆங்கிலக் கம்பெனிப் படையிடம் விழுந்தது. அங்கே போரை நடத்திய ஊமைத்துரை குற்றுயிராய்ப் பிணங்களுக்கு நடுவே கிடந்தார். தங்கள் ஆட்களைத் தேடி வந்த பெண்களில் ஒருத்தி, மகன் உயிரோடு கிடப்பதைக் கண்டாள். அவனோ, “என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று” என்றான். இதை எழுதிவைத்தவர் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ். பகைவனே வியந்து எழுதியதை நான் நம்புகிறேன்.

சீடன்: சாமி என்றானே, அது எசமான விசுவாசம்தானே?

குரு: அந்தச் சாமியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார். ஒல்லி உடம்பு, பேச்சு வராது. இடது உள்ளங்கையில் துரும்புகளைக் கம்பெனிப் படையாக அடுக்குவார். வலக்கையால் அத்தனையையும் வழித்துத் தள்ளி, வாயால் ‘உஸ்’ என்பார். அதுதான் தாக்குதல் உத்தரவு. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆயுதங்களை மறைத்துக்கொண்டு போய்ப் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து அவரை மீட்டார்களே, அவர்களை வெறும் ஏவலாட்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

சீடன்: அந்தத் தாய்?

குரு: அங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மகன் தன் உயிரை விட்டுக்கொடுத்தான். அவள் மகனையே விட்டுக்கொடுத்தாள். ஊமைத்துரையை வீட்டுக்குத் தூக்கிப்போய்க் காயத்துக்குக் கட்டுப் போடும்போது, கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள். பெண்கள் அவரைத் துணியால் மூடி ஒப்பாரி வைத்தார்கள். பையன் அம்மையில் செத்தான் என்றதும் வந்தவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள்.

சீடன்: பொய் அழுகை ஓர் உயிரைக் காத்தது.

குரு: பொய்யா? அவள் பிள்ளை களத்தில் கிடக்கிறான். வாய்விட்டு அழ அவளுக்குக் கிடைத்த நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

சீடன்: நவம்பர் 16இல் அவரைத் தூக்கிலிட்டார்களே. ஆறு மாதத்துக்காகவா இவ்வளவும்?

குரு: அந்த மாதங்களில்தான் அவர் சிறுவயலுக்குப் போய் அந்தச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களோடு சேர்ந்தார், இரண்டு சீமைகளின் போர் ஒன்றானது. ஆனால் அதைக் காட்டி உன் வாயை அடைக்க மாட்டேன். மறுநாளே அவர் இறந்திருந்தாலும் அவள் செய்தது குறையாது. அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கும்போது, இவன் எத்தனை நாள் பிழைப்பான் என்று கேட்டுவிட்டா தூக்குவார்கள்?