வேடமும் பொருளும்

பிற சமயத்தார் நம் நாட்டு உடையையும் விழாவையும் தமவாக்கிக்கொள்ளின், அதனை யாம் உவப்பதோ வெறுப்பதோ என்னும் ஐயம் அன்பர் பலர்பால் நிகழ்கின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இத்தாலி நாட்டுப் பாதிரியார் இராபர்ட் தெ நோபிலி, தத்துவபோதகர் எனப் பெயர்பூண்டு, காவியுடுத்துப் புலால் மறுத்துச் சந்தனமும் பூணூலும் அணிந்து வாழ்ந்தனர். அவை குலவொழுக்கமேயன்றிச் சமயக்குறியல்ல என்பது அவர் துணிபு. பாப்பரசர் பதினைந்தாம் கிரெகோரியார் 1623இல் அதற்கு இசைந்தனர். 1704இல் புதுச்சேரியிற் பாப்பரசரின் தூதராகிய துர்னோன், நெற்றியிற் சாம்பலணிதல் முதலியவற்றை விலக்கினர்; பதினான்காம் பெனடிக்டு 1744இல் அவ்விலக்கை உறுதிசெய்தனர். பின்னர், 1969இல், கைகூப்புதல், எண்ணெய் விளக்கேற்றுதல், ஆரத்தியெடுத்தல் முதலியன இந்நாட்டு வழிபாட்டிற்கொள்ள உரோமாபுரி உடன்பட்டது. இற்றைநாளிற் பொங்கற் பானையும் தேவாலய முற்றங்களிற் பொங்குகின்றது.

இவற்றுள் விலக்கினோரை யாம் பகைவரெனக் கருதுதல் பொருந்துமோ எனின், பொருந்தாது. என்னை? நீற்றிற்குப் பொருளுண்டு என்றுணர்ந்தமையினாலன்றே அவர் அதனை அஞ்சினர். குறியை வறுங்குறியென்று கொண்டாரினும், பொருளுடைத்தென்று விலக்கினாரே அதனை மதித்தவராவர்.

ஆகலின், நாட்டிற்குப் பொதுவாயதும் சமயத்திற்குச் சிறந்ததும் வேறுபிரித்துணர்தல் வேண்டும். ஞாயிறும் மழையும் உழவும் எல்லார்க்கும் பொது; பொங்கலிட்டு நன்றிபாராட்டுவானைத் தடுத்தற்கு யாவர்க்கும் உரிமையின்று. நீறும் கண்டிகையும் அன்னவல்ல. அவற்றைப் பொருளொழித்து அணிதல், அணிவார்தம் சமயத்திற்கும் நம் சமயத்திற்கும் ஒருங்கே பொய்ம்மையாம்.

அற்றேல், மெய்ப்பொருள் நாயனார் வஞ்சகன் பூண்ட வேடத்தையும் வணங்கினரன்றோ எனின், வணங்கினர். அது தொழுவார் கடன். ஆராயாது தொழுவார் உளராகலின், ஆராய்ந்து பூணுதல் பூணுவார்மேற் பெருங்கடனாய் நிற்கும். நாயனார்தம் அன்பு வஞ்சகனது வஞ்சத்தை அறமாக்கிற்றின்று.

இக்கடன் பிறர்க்கு மட்டும் உரியதன்று. வைகறையில் நீறணிந்து பகலெல்லாம் அழுக்காறும் வெகுளியும் சுமந்து திரிவேமாயின், யாமும் பொருளொழித்த குறியையே பூண்டேமாவோம். எத்தெய்வத்தை வழிபடினும் ஆண்டு நின்று அருள்வோன் சிவபெருமானே என்பது சித்தாந்தத் துணிபாகலின், அயலார் உள்ளத்தை அளத்தல் நமக்குரிய தொழிலன்று. நம் நெற்றியும் நெஞ்சும் ஒன்றுபட்டனவோ என்று நாடோறும் நோக்குதலே நமக்குரியது.