அத்துவிதமும் அயலானும்

திருச்சிற்றம்பலம்



ஓசூர் நகரிலே, தொலைவில் வருவார்க்கும் புலப்படுமாறு உயர்ந்து நிற்குங் குன்றின்மேல், மரகதாம்பிகை உடனாய சந்திரசூடேசுவரப் பெருமான் எழுந்தருளியிருத்தலை அன்பர்கள் அறிவார்கள். பெங்களூர்க்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தமிழகத்தின் எல்லையிலுள்ள இவ்வூரில் தமிழுங் கன்னடமுந் தெலுங்கும் உருதும் ஒருங்கு வழங்கும். 1970-ஆம் ஆண்டுகளிற் சிப்காட்டுத் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர், மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் இயந்திர உறுப்புக்களுஞ் செய்யும் ஆலைகள் ஈண்டுப் பல்கின. அவற்றை நாடி ஒடிசா, பீகார் முதலிய வடபுலங்களினின்றும் மக்கள் வந்து குடியேறினர். ஒருவர் மொழியை ஒருவர் அறியாத பல்லாயிரவர் ஒரே கூரையின்கீழ் நின்று தொழில் செய்யும் ஊராயிற்று இது.

சின்னாட்களுக்கு முன்னர்ச் சோமவாரத்துக் காலையொன்றில், மலையடிவாரத்தே அன்பர் சிலர்க்கு யான் சிவஞானபோதப் பொருள் உரைத்திருந்தேன். இராக்கால ‘ஷிப்டு’ வேலை முடித்து நேரே வந்திருந்த இளைஞர் ஒருவர், கூட்டங் கலையுமளவுங் காத்திருந்து என்பால் வந்தனர். அவர் கூறியதன் சுருக்கம் வருமாறு:

“ஐயா, எல்லா உயிரும் ஒன்றே, நானே பிரமம் என்று பல சொற்பொழிவுகளிற் கேட்டு, அதனையே நாடோறுஞ் சிந்தித்து வருகிறேன். ஆலையில் எனக்கு அடுத்த இயந்திரத்தில் வடநாட்டார் ஒருவர் இரண்டாண்டு வேலை செய்தார். அவரைப் ‘பையா’ என்றே அழைத்து வந்தேன். ஒருநாள் கடுங்காய்ச்சலால் அவர் நினைவிழந்து வீழ, நானே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். அங்கே அவர் பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பின்பு அவர் நலம்பெற்றுச் சொந்த ஊர்க்குப் போனார்; திரும்பி வரவேயில்லை. அவரும் நானும் ஒன்றே என்றால், இரண்டாண்டு பக்கத்திலே நின்றும் அவர் பெயர் எனக்குத் தெரியாமற் போனது எப்படி?”

இவ்வினாவிற்கு யான் அப்பொழுதே விடை கூறினேனல்லேன். பன்னாட் சிந்தித்து, எனக்கு விளங்கியதை ஈண்டு எழுதுகின்றேன்.

அத்துவிதம் என்னுஞ் சொல் வேதாந்திகட்கும் சித்தாந்திகட்கும் பொதுவாயினும், அதன் முதனின்ற அகரத்திற்குக் கொள்ளும் பொருளில் அவர் வேறுபடுவர். வடநூலார் இவ்வெதிர்மறை அகரத்திற்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் கூறுப. அரூபம் என்புழி உருவம் இன்மை பொருளாயிற்று. அதன்மம் என்புழித் தன்மத்திற்கு மறுதலை பொருளாயிற்று. அநான்மா என்புழி ஆன்மா அல்லாத பிறபொருள் என அன்மை பொருளாயிற்று. இரண்டென்பதே இல்லை என இன்மைப் பொருள் கொள்வார் ஏகான்மவாதியர். ‘இரண்டல்ல’ என அன்மைப் பொருள் கொள்வார் மெய்கண்டார் மரபினர். இரண்டு பொருளும் உள்ளனவே. ஆயினும் அவை இரண்டென எண்ணி வேறு நிறுத்தற்கு இயலாவாறு பிரிவற்று நிற்கின்றன என்பது இதன் கருத்து. 1785-ஆம் ஆண்டிற் சிவபரிபூரணம் எய்திய மாதவச் சிவஞான முனிவர், தமது மாபாடியத்தில் இதனை விரித்து நிறுவினர்.

அப்பிரிவின்மை எத்தகையது? உமாபதிசிவனார் சிவப்பிரகாசத்துள், பொன்னும் பணியும் போல ஒருபொருளென்றலும், இருளும் ஒளியும் போல முற்றும் பகையென்றலும், சொல்லும் பொருளும் போல இரண்டுங் கலந்ததென்றலும் பொருந்தாவென விலக்கி, உடலும் உயிரும், கண்ணுங் கதிரவனும், அறிவுங் கண்ணொளியும் என மூன்றுவமை காட்டினர். கலப்பினால் இறைவன் உயிரோடு ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராய் நின்று அறிவித்தலால் உடனாயும் நிற்பன் என்பது இவற்றாற் பெறப்படும். கண் எத்துணை விளக்கமுடையதாயினும் கதிரவன் ஒளியின்றிக் காணாது. கண்டபோது கண்ணே காண்பதன்றிக் கதிரவன் கண்ணாகிவிடுவதில்லை.

இனி, நம் இளைஞரது வினாவிற்கு நேர்விடையாவதோர் உவமையை மெய்கண்ட தேவரே 13-ஆம் நூற்றாண்டில் அருளியிருக்கின்றனர். உடம்போடு கூடிய உயிரானது, தனக்கு இட்டதொரு பெயரைச் சொல்லி ஒருவர் அழைத்த வழி, அப்பெயர் தானேயாக நின்று ‘ஏன்’ என விடை தருகின்றது. பெயர் இட்டது உடம்பிற்கு. ஏன் என்பது உயிர். உடம்பு உயிராதலில்லை, உயிர் உடம்பாதலில்லை. எனினும் அழைப்புழி இரண்டும் ஒன்றாய் நின்றே விடை தருகின்றன. அத்துவிதத்தை விளக்கப் புகுந்த ஆசிரியர், பெயர் சொல்லி அழைத்தலாகிய இந்நாட்செயலை எடுத்தோதியது எத்துணை அருமையுடைத்து! பெயர் என்பது உயிரின் வாயிற்கதவு. அதனைத் தட்டாதவன் உள்ளிருப்பாரைக் காண்பது யாங்ஙனம்?

இதனாற் போந்த உண்மை யாதெனின், கூறுதும். ‘அயலானும் யானும் ஒரே பொருள்’ என்று கொண்டவன், அயலானை அறிதற்குத் தன்னையே நோக்கினாற் போதும் என்று கருதிவிடுகின்றான். வினவ வேண்டுவதில்லை, செவிகொடுக்க வேண்டுவதில்லை. ‘என்னுயிர்க்கு உயிராய் நிற்பவனே அவனுயிர்க்கும் உயிராய் நிற்கின்றான்’ என்று கொண்டவனுக்கோ, அயலான் தானல்லன். தன் தலைவன் குடிகொண்ட வேறொரு திருக்கோயில். கோயிலை அறிதற்கு அதனிடஞ் செல்லல் வேண்டும், வினவுதல் வேண்டும், வணங்குதல் வேண்டும்.

அற்றேல், குற்றம் ஏகான்மவாதத்தின் மேலதோவெனின், அன்று. சங்கராசாரிய சுவாமிகள் மரபினரும், விவேகம், வைராக்கியம் முதலிய சாதன சதுட்டயம் முற்றினவனுக்கே அம்மகாவாக்கியப் பொருள் உரித்தென விதித்தனர். பயிற்சியை விடுத்துச் சொல்லை மாத்திரம் பற்றுவார்மேலதே குற்றம். இருளானது பிற பொருளை மறைப்பினும் தன்னையேனுங் காட்டும், ஆணவமோ தன்னையுங் காட்டாது எனத் திருவருட்பயனில் உமாபதிசிவனார் உணர்த்தினர். அவ்வாணவம் ‘நானே பிரமம்’ என்னும் உயர்மொழியையும் தனக்கோர் ஆடையாக உடுத்துக்கொள்ளும். ‘யான் சித்தாந்தி, பதி பசு பாசம் அறிந்தவன்’ என்பதும் அதற்கு ஏற்றதோர் ஆடையே. இதனை நம்மனோர் மறவாதிருத்தல் நன்று.

தொழிலிடத்தில் இறைவன் உடனாய் நிற்றலைக் காணவேண்டுவார்க்குத் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாறு போதும். காஞ்சிமாநகரில் அடியார் ஆடைகளைத் தோய்த்துக் கொடுக்குந் தொழிலே அவர் செய்த தொண்டு. அடியார் வாய்திறந்து கேளாமுன் அவர்தங் குறிப்பறிந்து செய்தமையால் அவர்க்கு அப்பெயர் ஆயிற்று. இறைவன் மெலிந்த முதியவராய், அழுக்கேறிய கந்தையொன்று உடுத்து வந்து, பொழுது சாயுமுன் தோய்த்து உலர்த்தித் தருமாறு கேட்டனர். நாயனார் உடன்பட்டனர். மழையோ ஓயாது பெய்தது. குளிரால் அம்முதியவர் வருந்துவரே என நினைந்து, தம் பிழைக்கு ஆற்றாராய், ஆடை தோய்க்குங் கற்பாறைமேலே தந்தலையை மோதினர். அக்கல்லினின்றும் பெருமான் திருக்கை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டது. அன்பர்களே, அத்திருக்கை எங்கே எழுந்தது? திருமூலத்தானத்தின்கண் அன்று, அவர் நாடோறுந் தொழில் செய்த கல்லிலே! அக்கல் போன்றதொன்று நம் ஒவ்வொருவர் தொழிலிடத்திலும் உண்டு. பிறர் குளிரை நம் குளிராகக் கருதாமையால் அக்கை நமக்குப் புலப்படுவதில்லை.

எல்லைக்கு அப்பாலுள்ள கன்னட நாட்டு வீரசைவப் பெரியாரும் இதனையே தம் நெறியில் வற்புறுத்தினர். 12-ஆம் நூற்றாண்டிற் கலியாண நகரில் வாழ்ந்த பசவண்ணரும் அவர் சூழலினரும், உடலுழைப்பாகிய தொழிலைக் காயகம் எனப் பெயரிட்டு வழிபாடாகவே போற்றினர். அக்கூட்டத்துட் சிறந்த அல்லமப்பிரபுவின் சரிதத்தைக் கன்னடத்தினின்றும் பிரபுலிங்கலீலையாகத் தமிழிற் பாடித் தந்தவர், 17-ஆம் நூற்றாண்டினராகிய துறைமங்கலஞ் சிவப்பிரகாச சுவாமிகள். மொழி வேறாயினும் அன்பர் கூட்டம் வேறன்று என்பதற்கு அந்நூலே சான்றாம்.

இன்னும், மெய்கண்ட தேவர் தம் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், வீட்டின்பம் பெற்ற சீவன்முத்தர்க்குங்கூட அடியாரோடு இணங்குதலையும், அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழுதலையும் விதித்தனர். ஞானத்தின் முடிந்த நிலையிலும் பிறர் முகம் மறைந்துபோவதில்லை என்பது இதனால் விளங்கும். நடமாடுங் கோயிலாகிய அடியார்க்கு இட்டது படமாடுங் கோயிலுறையும் இறைவனைச் சென்று சேரும் எனத் திருமூல நாயனார் அருளிய கருத்தும் ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

நம் பெருமான் திருநாமத்தையே நோக்குக. தக்கன் சாபத்தால் தேய்ந்து அடைக்கலம் புகுந்த திங்களை அவன் சடைமுடியிற் சூடினான்; ஆதலிற் சந்திரசூடன் ஆயினான். அத்திங்கள் அவனாகிவிடவில்லை, அவனை விட்டு நீங்கவுமில்லை. தேய்ந்த பிறையாகவே அவன்முடிமேல் ஏற்றம் பெற்றது. அத்துவிதத்திற்கு இதனினுஞ் சிறந்த வடிவம் யாண்டுளது? அயலாருள் தேய்ந்தவரைத் தலைமேற் கொள்ளாது அத்துவிதம் பேசுதல், பிறையின்றிச் சந்திரசூடனை எழுத முயல்வதனை ஒக்கும்.

இறுதியாக ஒன்று கூறி அமைவல். அவ்விளைஞர் சென்ற பின்னர், மலைப்படிகளில் ஏறத் தொடங்கினேன். ஆண்டு நாடோறுந் துடைப்பங்கொண்டு படிகளைப் பெருக்கும் மூதாட்டி ஒருவர் வழக்கம்போல ஒதுங்கி நின்றனர். பத்தாண்டிற்கு மேலாக அவர் பெருக்கிய படியிலே கால்வைத்து ஏறி, உயிர்க்குயிராதலைப் பற்றிப் பிறர்க்கு உரைத்து வந்தேன். அவர் பெயரை அன்றுகாறும் யான் வினவியதில்லை. என் நாணம் இத்தகைத்தென எழுதவியலாது. நின்று, “அம்மா, உங்கள் பெயர் என்ன?” என்றேன். அவர் சிறிது திகைத்துப் பின் முகமலர்ந்து, கன்னடங் கலந்த தமிழிலே கூறினர். அப்பெயரை ஈண்டு எழுத வேண்டுவதின்று. காலந்தோறும் அதனைச் சொல்லி அவரை அழைத்து வருகின்றேன். அவரும் ‘ஏன் ஐயா’ என்கின்றனர்.

அன்பர்களே, நாளை உம் அருகில் நிற்பார் பெயரை வினவுங்கள். அத்துவித விசாரம் ஆண்டே தொடங்கும்.

எல்லாம்வல்ல சந்திரசூடேசுவரப் பெருமான் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்