அடிமனை வாடகையும் அல்லாஹ்வின் கணக்கும்

மனை ஒருவருடையது, அதன் மேல் நிற்கும் வீடு மற்றொருவருடையது. இதை அடிமனை வாடகை என்போம். வக்ஃபு நிலங்களிலும், கோயில் நிலங்களிலும், தனியார் இடங்களிலும் இவ்விதம் வீடு கட்டி வாழ்வோர் தமிழகத்தில் ஏராளம்.

மழையை நம்பியிருக்கும் கரிசல் பூமியில், கடம்பூர் போன்ற ஓர் ஊரில், பருத்தி வியாபாரம் செய்தவர் நொடித்துப்போய் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடிமனை வாடகையும் நின்றுவிட்டது. மனைக்காரர் காலி செய்யச் சொல்கிறார். சுவரைப் பெயர்த்துத் தூக்கிச் செல்ல முடியுமா? மனை போனால் வீடும் போயிற்று. இங்கே நியாயம் யார் பக்கம்?

முதலில் கடனாளியின் கடமையைப் பார்ப்போம். 1920 ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி ஒருவர் நொடித்தவர் என்று தீர்ப்பாகிவிட்டால், பழைய பாக்கிக்காக நீதிமன்ற அனுமதியின்றி அவர் மீது வழக்குத் தொடர இயலாது. ஆனால் இன்று அவர் குடியிருக்கும் மனைக்கு இன்றைய வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பழைய கடனோடு சேர்த்து மறந்துவிடலாகாது. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். சொத்தை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிட்டுக் கடுதாசி கொடுப்பவர் நீதிமன்றத்தை ஏமாற்றலாம். அல்லாஹ்வை ஏமாற்ற முடியாது.

மெய்யாகவே இல்லாதவர் நிலை வேறு. கனிகள் வாங்கி நஷ்டமடைந்து பெருங்கடனில் மூழ்கிய ஒருவருக்கு உதவும்படி நாயகம் (ஸல்) அவர்கள் மக்களைத் தூண்டினார்கள். சேர்ந்த தொகை போதவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கில்லை என்று கடன் கொடுத்தவர்களிடம் கூறிவிட்டார்கள். இது முஸ்லிம் நூலில் வரும் ஹதீது.

இனி மனைக்காரரின் கடமை. கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரும்படி அல்பகரா அத்தியாயத்தின் 280 ஆம் வசனம் கட்டளையிடுகிறது. விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்கிறது. அவகாசம் என்றால் மனையை என்றென்றைக்கும் விட்டுவிடுவது என்று பொருளல்ல. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் தம் மனையைத் திரும்பக் கேட்க அவருக்கு உரிமையுண்டு. ஆனால் சில ஆயிரம் ரூபாய் பாக்கியைக் காரணம் காட்டிப் பல இலட்சம் பெறும் வீட்டை விழுங்குவது உரிமையல்ல, அபகரிப்பு. வீட்டின் மதிப்பைக் கணக்கிட்டு, பாக்கியைக் கழித்து, மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும். 1921 ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டமும், வெளியேற்றப்படுபவருக்குக் கட்டடத்தின் மதிப்பை ஈடாகத் தரச் சொல்கிறது. அச்சட்டம் சென்னைக்கும், அது நீட்டிக்கப்பட்ட ஊர்களுக்கும் மட்டுமே உரியது. 1996 ஆம் ஆண்டுத் திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. பள்ளிவாசல் மனையில் குடியிருப்பவருக்கு அந்தக் கேடயம் இல்லை. எனவே பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் இறையச்சம் அதிகமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. முத்தவல்லி மனைக்குச் சொந்தக்காரர் அல்லர், அமானத்தைக் காப்பவர். வக்ஃபின் வாடகையைத் தம் இஷ்டப்படி தள்ளுபடி செய்ய அவருக்கு உரிமையில்லை. அப்படியானால் இரக்கம் காட்ட வழியே இல்லையா?

உண்டு. அத்தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையாரில் கடன்பட்டோரையும் சேர்த்திருக்கிறது. ஊர் ஜமாஅத்தார் கடனாளியின் நிலையை விசாரித்து, தகுதியுடையவர் என்று கண்டால் ஜகாத் தொகையை அவர் கையில் ஒப்படைக்கட்டும். அதைக் கொண்டு அவர் பாக்கியைக் கட்டட்டும். வக்ஃபுக்கும் நஷ்டமில்லை, பிள்ளைகுட்டிகள் தெருவுக்கும் வரமாட்டார்கள். ரமளானில் சில்லறையாகப் பலருக்குப் பங்கிடும் ஜகாத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடும்.

தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் மறுமைக்கு வந்தும், பிறர் பொருளைத் தின்ற காரணத்தால் நன்மைகளை எல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவனே என் உம்மத்தின் முஃப்லிஸ், அதாவது நொடித்தவன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். வாடகை தராமல் ஏய்ப்பவரும், பாக்கியைச் சாக்கிட்டு வீட்டைப் பறிப்பவரும் அந்த நொடிப்பையே அஞ்ச வேண்டும்.

அந்த நொடிப்பிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.