நடுவில் காலி இடம்

ஏ.சி. பஸ், ஃபிரெஞ்சு வகுப்பு, வாசலில் நாலைந்து நாட்டுக் கொடிகள். நம்மூர் 'இன்டர்நேஷனல்' பள்ளிகளில் உலகப் பார்வை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். (ஃபீஸைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

நான் சொல்ல வந்தது ஒரு சரித்திரப் புத்தகத்தைப் பற்றி. டான் பார்-ஓன் இஸ்ரேலியர். சாமி அத்வான் பாலஸ்தீனியர். இந்த இரண்டு பேராசிரியர்களும் இரு தரப்புப் பள்ளி ஆசிரியர்களையும் ஒன்றாக உட்காரவைத்து எழுதவைத்தார்கள். முதல் பகுதி 2003-ல் வந்தது. அதில் 1948-ம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் ஒருபுறம் 'சுதந்திரப் போர்'. மறுபுறம் அதே போர், 'நக்பா'... அதாவது பேரழிவு. லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்த கதை. இரண்டையும் கலந்து சமாதானமாக மூன்றாவது கதை ஒன்றை எழுதவில்லை. நடுவில் காலி இடம் விட்டார்கள், படிக்கிற பிள்ளை எழுதிக்கொள்ள!

இரு தரப்புக் கல்வித்துறையும் இதை அதிகாரப்பூர்வப் பாடநூலாக எடுத்துக்கொள்ளவில்லை. 2010-ல் ஒரு பள்ளி சொல்லிக்கொடுத்தபோது, நிறுத்தச் சொன்னது இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம்.

பெற்றோர் கோபப்பட்டாலும் தப்பில்லை. அண்ணனைக் குண்டுக்குப் பறிகொடுத்த பிள்ளையிடம், 'அவங்க கதையையும் படி' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனாலும் படிக்கத்தான் வேண்டும் என்பேன். படிப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. எதிராளிக்கும் ஒரு 1948 உண்டு என்று தெரியாமலே வளர்ந்தவன், நாளைக்குத் துப்பாக்கியோடு செக்போஸ்ட்டில் நிற்கும்போது யாரிடம் போய்த் தெரிந்துகொள்வான்?

நமக்கும் ஒரு 1947 இருக்கிறது. நம் பிள்ளைகளின் பாடத்தை ஒருபுறமும் லாகூர்ப் பிள்ளைகளின் பாடத்தை மறுபுறமும் வைத்தால், நடுவில் என்ன எழுதுவார்கள்? உங்கள் வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்களேன்.