கணக்கில் விடுபட்ட மாணவன்

மூன்று ஆண்டுகளுக்கு முன் கோலார் தங்கவயலில் ஒரு மாலைச் சொற்பொழிவு முடிந்து அனைவரும் கலைந்த பின், ஓர் ஆசிரியை மட்டும் தயங்கி நின்றார். அவ்வூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிப்பவர். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். "சுவாமிஜி, ஒரு சந்தேகம். ஆனால் அது வேதாந்தச் சந்தேகம் அல்ல" என்று தொடங்கினார்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் புத்தகப் பையில், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டப் பயன்படும் சொல்யூஷனில் நனைத்த கைக்குட்டை ஒன்று அகப்பட்டது. அதை முகர்ந்து போதையேற்றிக் கொள்ளும் பழக்கம் அவனுக்குச் சில மாதங்களாகவே இருந்திருக்கிறது. ஆசிரியர் கூட்டம் கூடிற்று. மூன்றாம் நாள் மாற்றுச் சான்றிதழை அவன் தாயின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கூட்டத்தின் தீர்மானத்தில் இந்த ஆசிரியையும் கையொப்பமிட்டிருக்கிறார். அதன் பின் அந்தச் சிறுவன் வேறு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை.

"நாங்கள் செய்தது சரிதானா சுவாமிஜி?"

பள்ளிக்கு ஒழுங்கும் வேண்டும், மாணவனிடம் அன்பும் வேண்டும் என்பதாக நான் ஏதோ சொன்னேன். அவர் வணங்கி விடைபெற்றார். அது பதில் அல்ல என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அன்று சொல்லத் தவறியதை இப்போது எழுத முயல்கிறேன்.

மறுநாள் விடியுமுன் பெங்களூர் செல்லும் ரயிலுக்காக நிலையத்தில் நின்றபோதுதான் அவ்வூரின் நிலை எனக்கு ஓரளவு விளங்கிற்று. இருட்டிலேயே ஆண்களும் பெண்களும் சோற்றுப் பாத்திரங்களுடன் வந்து குவிந்தார்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத்தை நம்பி வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்களே அவர்களுள் பெரும்பாலோர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்று முதல் ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்பு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில்தான். இன்று அந்த ஊரின் முதலெழுத்துகளை நாடெங்கும் ஒரு திரைப்படத்தின் பெயராகவே அறிகிறார்கள். அதில் வரும் ஊருக்கும் இந்த ரயில் நிலையத்துக்கும் தொடர்பில்லை.

சுரங்கம் இயங்கிய காலத்தில் தந்தை பூமிக்குள் எத்தனை ஆழத்தில் இருந்தாலும், வீட்டுக்கு நடைதூரத்தில்தான் இருந்தார். ஷிப்டு முடிந்தால் வீடு. இப்போதோ தாயும் தந்தையும் பிள்ளை விழிக்குமுன் புறப்பட்டு, அவன் உறங்கும் வேளையில் திரும்புகிறார்கள். அந்தச் சிறுவனின் தாயும் அந்த ரயிலில் போகிறவர்தான். பள்ளி விடும் நேரத்திலிருந்து இரவு வரை அவன் யாருடைய பொறுப்பில் இருந்தான் என்ற கேள்வி ஆசிரியர் கூட்டத்தில் எழவே இல்லையாம்.

என்னை வழியனுப்ப ஆசிரியையும் அவருடைய தந்தையும் வந்திருந்தார்கள். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் வயது. சுரங்கத்தைப் பற்றிக் கேட்டேன். "மேலே ஏறி வந்ததும் உடம்பைத் தடவிப் பார்ப்பாங்க சாமி, தங்கம் கிங்கம் ஒளிச்சிருக்கோமான்னு. அது கம்பெனிக்காக. இன்னொண்ணும் உண்டு. இறங்கும்போது கொடுத்த டோக்கனை எண்ணுவாங்க. ஒண்ணு குறைஞ்சா, ஒருத்தன் இன்னும் கீழே இருக்கான்னு அர்த்தம். அவனைத் தேடாம யாரும் ஷிப்டை முடிச்சுக்க முடியாது. அது எங்களுக்காக" என்றார்.

ஒரே சுரங்க வாயிலில் இரண்டு சோதனைகள்! ஒன்று மனிதனைத் திருடனாக இருக்கலாம் என்று எண்ணிச் சோதிக்கிறது. மற்றது அவன் தொலைந்திருக்கலாம் என்று எண்ணித் தேடுகிறது. போதைப் பழக்கத்தில் சிக்கிய மாணவனிடம் நம் பள்ளிகள் முதல் சோதனையை மட்டும் கற்றுக்கொண்டு, இரண்டாவதை விட்டுவிட்டன என்பதே என் எண்ணம்.

இது ஏதோ ஓர் ஊரின் குறையன்று. 2018-இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் மத்திய அரசுக்காக நடத்திய நாடளாவிய கணக்கெடுப்பின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. மது, கஞ்சா, அபின் வகைகள் என எல்லாவற்றிலும் பெரியவர்களிடையேதான் பழக்கம் மிகுதி. ஒன்றே ஒன்றில் மட்டும் கணக்கு தலைகீழ்: முகர்ந்து போதையேற்றும் பொருள்கள். பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 1.17 விழுக்காடு. இவ்வகைப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படும் சிறார் சுமார் 4.6 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். காரணம் கடினமானதன்று. ஒயிட்னரும் சொல்யூஷனும் மலிவு. வாங்குகிறவனை யாரும் சந்தேகிப்பதில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இவை இல்லை.

இங்கே ஆசிரியர்கள் அறிய வேண்டிய ஒரு மருத்துவச் செய்தி உண்டு. இந்த ஆவியை உள்ளிழுத்த நிலையில் ஒருவனைத் திடுக்கிடச் செய்தாலோ, துரத்தி ஓடவிட்டாலோ, இதயத் துடிப்பு தாறுமாறாகி அவன் அங்கேயே இறந்துபோகக் கூடும். முதன்முறை முகர்ந்தவனுக்கும் இது நேரலாம். ஆகவே கழிப்பறையின் பின்புறம் ஒரு பையனைக் கண்டதும் "பிடி, விடாதே" என்று கத்துகிற ஆசிரியர், ஒழுக்கத்தின் மீதுள்ள அக்கறையாலேயே ஓர் உயிருக்கு ஆபத்தை விளைவித்துவிடலாம். மெல்லப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, மருத்துவரை அழைப்பதே செய்யத்தக்கது. விசாரணை மறுநாள் நடக்கட்டும்.

இனித் தத்துவக் கேள்விக்கு வருவோம். அவன் தெரிந்தேதானே செய்தான்? தெரிந்து செய்தவனுக்குத் தண்டனை தருவது நீதிதானே?

இக்கேள்வி மிகப் பழையது. கிரேக்க நாட்டுப் பிட்டகஸ் என்ற சட்ட வல்லுநர், குடிபோதையில் செய்த குற்றத்துக்கு இரட்டிப்புத் தண்டனை விதித்தார். அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் அவ்வகைத் தண்டனைக்கு நியாயம் கூறுகிறார்: அறிவு மயங்கியது உண்மையே, ஆயினும் மயங்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது. கல்லை எறிந்த பின் திரும்பப் பெற முடியாது, ஆனால் எறியாமல் இருந்திருக்கலாம் என்பது அவர் வாதம். கல்லூரி நாள்களில் இந்த வாதம் எனக்கு மறுக்க முடியாததாகத் தோன்றியது. அதே அரிஸ்டாட்டில், இளமையிலிருந்தே ஒருவன் எப்படிப் பழக்கப்படுத்தப்படுகிறான் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றும் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. கல்லை எறியும் கையே இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்றால், அதை உருவாக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் வழக்கில் சாட்சிகள் அல்லர், பங்காளிகள். பதினான்கு வயதுப் பையன் குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை. அவனுடைய பொறுப்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. அதை வளர்ப்பதற்கென்றே பள்ளி இருக்கிறது. வளர்க்க வேண்டிய இடம், 'உன்னிடம் பொறுப்பில்லை' என்று சொல்லி அவனை அனுப்பிவிடுவதில் உள்ள முரணை ஆசிரியர் கூட்டம் எண்ணிப் பார்க்கவில்லை.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்திருக்கிறார். தனிமனிதனின் நோன்பாக மட்டும் கருதியிருந்தால் அதன் இடம் வேறாக இருந்திருக்கும். நாட்டை நடத்துவோர் கவலைப்பட வேண்டிய விஷயங்களோடு அதையும் சேர்த்தார் என்று நான் கொள்கிறேன். உரையாசிரியர்கள் வேறு காரணமும் சொல்லக்கூடும்.

சட்டத்தையும் சற்றுப் பார்க்கலாம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானது. ஆனால் அதிலேயே 64ஏ என்ற பிரிவு உண்டு: போதைக்கு அடிமைப்பட்டுச் சிறிதளவு பொருள் வைத்திருந்த குற்றத்துக்கு ஆளானவர், தாமாகவே சிகிச்சைக்கு முன்வந்தால் அவர்மீது வழக்கு நடத்தாமல் விடலாம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், சிறாருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. அங்கே குற்றவாளி கொடுத்தவரே. கல்வி உரிமைச் சட்டமோ எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. நம் சிறுவன் ஒன்பதாம் வகுப்பு. ஓராண்டு வித்தியாசத்தில் அந்தப் பாதுகாப்பு அவனுக்கு இல்லாமற் போயிற்று. குற்றவியல் சட்டமே வயது வந்தவருக்காகத் திறந்து வைத்திருக்கும் கதவை, ஒரு பள்ளி சிறுவனுக்கு மூடலாமா?

தலைமையாசிரியரின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் இன்னும் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்; ஒருவனுக்காக அவர்களை ஆபத்தில் விடலாமா? இது வெறும் சாக்கன்று. இந்த வயதில் பழக்கம் நண்பன் வழியாகவே வருகிறது. விற்பவன் வேறு, பயன்படுத்துபவன் வேறு என்று நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். பள்ளியிலோ, தன் கைக்குட்டையைப் பக்கத்து நண்பனுக்கு நீட்டுகிறவன் இரண்டுமாக இருக்கிறான். ஆகவே சில நாள்கள் அவனைத் தனியே வைப்பது தேவையாகலாம். ஆனால் 'இருபது நாள் கழித்து, மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வா; உன் இடம் இருக்கும்' என்பதும், 'இனி வராதே' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, மற்ற நாற்பது பேரையும் காப்பதில்லை. அந்தச் சிறுவன் ஊரை விட்டுப் போய்விடவில்லை. பள்ளி விடும் நேரத்தில் வாசலருகே நிற்கிறான், இப்போது நாள் முழுதும் வேலையின்றி. மேலும், அந்த நாற்பது பேரில் இன்னும் இருவருக்கு இப்பழக்கம் இருந்தால், வாயைத் திறக்கக் கூடாது என்ற பாடத்தை அவர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள்.

எல்லார் பையையும் நாள்தோறும் சோதித்தால் என்ன, சிறுநீர்ப் பரிசோதனை வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளி விளையாட்டு வீரர்களுக்கு அத்தகைய பரிசோதனையை 1995-இல் அனுமதித்தது. தங்கவயலின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1930-இல் சுரங்க நிர்வாகம் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டபோது, அவர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். உழைப்பவனை முன்கூட்டியே குற்றவாளியாகக் கருதுவதை அந்த எழுத்தறியாத மனிதர்கள் ஏற்கவில்லை. அவர்களுடைய கொள்ளுப்பேரர்களிடம் சந்தேகத்தையே வழிமுறையாகக் கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை.

சொற்பொழிவுகளாலும் பெரும் பயன் விளைவதாகத் தெரியவில்லை. இதைச் சொற்பொழிவாற்றுகிற நானே சொல்கிறேன். அமெரிக்காவில் 1983-இல் தொடங்கி, காவலர்களே வகுப்புக்கு வந்து போதையின் தீமையை விளக்கிய பெருந்திட்டத்தை ஆராய்ந்தவர்கள், நீடித்த பலன் எதையும் ஏறக்குறைய காணவில்லை. ஜூன் 26 அன்று பதாகை ஏந்தி ஊர்வலம் போவதில் தவறில்லை. ஜூன் 27 மாலை அந்தப் பிள்ளை எங்கே இருப்பான் என்பதுதான் கேள்வி.

ஐஸ்லாந்து நாடு அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பிள்ளைகளின் மாலைப்பொழுதை விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினார்கள், அதற்கு அரசு பணம் கொடுத்தது, பெற்றோர் பிள்ளைகளோடு கழிக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். முந்தைய மாதத்தில் குடித்து மயங்கிய 15, 16 வயதினர் 1998-இல் 42 விழுக்காடு, 2016-இல் 5. அது சிறிய நாடு, செல்வமும் உண்டு. ரயிலில் போகும் தாயை 'மாலையில் பிள்ளையோடு இருங்கள்' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த நேரத்தை வேறு யாராவது ஏற்க வேண்டும். அருகில் இருப்பது பள்ளிதான்.

இவற்றையெல்லாம் சென்ற ஆண்டு அந்த ஆசிரியைக்குக் கடிதமாக எழுதினேன். போதை மீட்புக்கான அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446 என்பதையும், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு இருப்பதையும் குறிப்பிட்டேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தம் வகுப்பில் தாய், தந்தை இருவரும் ரயிலில் போகும் பிள்ளைகள் யார் யார் என்று கணக்கெடுத்தாராம், பதினொரு பேர். அவர்களுக்காக மாலை ஆறரை வரை வகுப்பறையைத் திறந்துவைக்க அனுமதி கேட்டு, வாரம் மூன்று நாளுக்குக் கிடைத்திருக்கிறது. மற்ற நாள்களுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பள்ளி அந்தச் சிறுவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் அவன் வீட்டுக்குப் போனாராம். முதல் இரண்டு முறை கதவு திறக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் கணக்குப் படிக்க வருகிறான். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத விண்ணப்பிக்க இருக்கிறார்கள். பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டானா என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.